ஏழே முக்காலுக்கும் வெயில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதம். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் குடியிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு ராஜபாளையம். முப்பத்தைந்து வருடம் நூற்பாலையில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவன்.

மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிற நேரம். பத்து மாதப் பேத்தியைக் காப்பகத்தில் விடுவதா, என்னிடம் விடுவதா என்று ஒரே யோசனை. "எங்களையே நீங்க தூக்கினதில்ல, இவள எப்படிப்பா பாப்பீக?" என்றாள். உண்மைதானே! ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம், விழித்தால் ஷிப்ட். பிள்ளை வளர்த்ததெல்லாம் என் மனைவிதான். கடைசியில், வெள்ளிக்கிழமை ஒரு நாள் விட்டுப் பார்ப்பதாகச் சம்மதித்தாள். ஆபீஸ் போய்விட்டு ஆறு மணிக்கு வருவாள். அப்போது நாங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

நாலு மணிக்குப் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றோரமாக நடந்தேன். அந்த ஊர் அமைதியை என்ன சொல்ல! கரை தொட்டு ஓடும் தண்ணீர், கல் வீடுகள், வாத்துக் கூட்டம். நம் பக்கத்து ஆற்றில் அவ்வளவு தண்ணீரை மழை கொட்டினால்தான் பார்க்கலாம். பேத்தி வாத்தைப் பார்த்துச் சிரிக்க, அவளைப் பார்த்து நான் சிரிக்க, போய்க்கொண்டே இருந்தோம். பாலைக் குடித்துவிட்டு அவள் தூங்க, நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஊரில் மில் சங்கு மணி சொல்லும். இல்லையென்றால் மேற்கே மலை இருக்கிறது. சூரியன் மலைக்கு எத்தனை முழம் மேலே நிற்கிறது என்று பார்த்தே மணி சொல்லிவிடுவேன். செல்போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். ஐந்துதான் இருக்கும் என்று தோன்றியது. சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன்.

நாயோடு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரு பேச்சுக்கு, "டைம்?" என்று கேட்டேன். கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். ஏழே முக்கால்! அங்கே கோடையில் ஒன்பதுக்கு மேல்தான் பொழுது சாயுமாம். வந்த நாலு நாளும் நம் ஊர் நேரத்துக்குத் தூக்கம் வந்து ஐந்து மணிக்கே திரையை இழுத்துவிட்டுப் படுத்த மரமண்டைக்கு அது எப்படித் தெரியும்?

வண்டியைத் திருப்பி வேகமாகத் தள்ளினேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட அந்த அம்மா, ஒன்றும் கேட்காமல் கூடவே வேகமாக நடந்து வந்தார். பாதி வழியில் மகள் எதிரே ஓடி வந்தாள். காலில் செருப்புகூட இல்லை. பிள்ளையை வாரி எடுத்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து அழுதாள்.

"வழி தப்பிட்டீகளாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மனசு வரவில்லை. "இல்லம்மா, வெயிலப் பாத்து மணி அஞ்சுன்னு உக்காந்துட்டேன். தப்பு எம்மேலதான்" என்றேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். இனி காப்பகம்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "திங்கக்கெழம எட்டு மணிக்கு நான் கெளம்பிருவேன்ப்பா. போனைக் கையிலயே வச்சுக்கோங்க. நீங்க மறைச்சிருந்தாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும்."

அடுத்த மாதம் பேத்தி முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தது நான் மட்டும்தான். என் மகள் எப்போது நடந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் கொடுக்காத நேரத்தை அவள் எனக்குக் கொடுத்தாளே என்று நினைத்தால், இன்றும் கண் கலங்கிவிடுகிறது.