பேப்பர் கப்பில் கொடுத்த டீ

சித்தூரில் எட்டாவது படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். எழுந்து நடமாடும்போது முழுப் பரீட்சை முடிந்துபோயிருந்தது. நைனா அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கெட்ட தண்ணீர் குடித்ததால் வந்த நோய் என்று டாக்டர் சொன்னது மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அன்றிலிருந்து கொதிக்கவைத்த தண்ணீர்தான். எங்கே போனாலும் பையில் என் பாட்டில் இருக்கும். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு பயம் இன்னும் பெருகியது. காஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். மகள் பஸ் ஏறிவிட்டாளா என்று டிரைவருக்குப் போன் போடுவேன். பயப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் நாம் எப்போதோ மாடி வீடு கட்டியிருக்கலாம் என்பார் என் வீட்டுக்காரர்.

முப்பது வயதைத் தாண்டி மறுபடி புத்தகம் எடுத்தது அங்கன்வாடி வேலைக்காக. அதற்குப் பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். ஓப்பன் ஸ்கூலில் சேர்ந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனால் வேலைக்கான வயது தாண்டிவிடும். அந்த நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்காது.

வகுப்பில் எல்லாரும் தெலுங்கு மீடியம். தமிழில் எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். மற்றவள் என்னைவிடச் சின்னவள், செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் வேலை. ஒன்பதாவதோடு நின்றவள். ஆனால் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளாகவே, “நான் சொல்லித் தரேன்க்கா” என்றாள். வாரத்தில் அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் என் வீட்டுக்கு வருவாள். நான் பிளவுஸ் தைக்கும் மேஜையில் துணிகளை ஒதுக்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருவோம். நடுவில் என் மகள் அவளுக்குப் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து வைப்பாள். அவள் எஸ்.சி. காலனியிலிருந்து வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுவே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சோஷியல் சார், நம் சமுதாயத்தையும் வேறொரு நாட்டுச் சமுதாயத்தையும் ஒப்பிட்டு வீட்டில் எழுதிவரச் சொன்னார். போனில் தேடினேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பு மக்களுக்கு ஒரு குழாய் இருந்ததாம். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம் வந்தது. ஒரு குழாய் புதிதாக, உயரமாக. இன்னொன்று சின்னதாக, துருப்பிடித்து. தண்ணீரில் போய் இப்படிச் செய்வார்களா என்று அன்று முழுக்க வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

நான்கு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், நம் ஊரில் இந்தக் கொடுமை இப்போது இல்லை என்று எழுதி, சாட்சிக்கு அவளையே கொண்டுவந்தேன். என் சிநேகிதி வேறு சாதி, ஆனாலும் என் வீட்டு மேஜையில் எனக்குச் சமமாக உட்கார்ந்து கணக்கு சொல்லித் தருகிறாள், நாங்கள் சேர்ந்து டீ குடிக்கிறோம் என்று எழுதியிருந்தேன். சார் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னார். படித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவளைப் படிக்கச் சொன்னார். ஐந்தே வரி. “எங்கள் கம்பெனி கேன்டீனில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டு. வெளிநாட்டு மேனேஜருக்கும் அதே தட்டு. முதல் நாள் சாப்பிட்டு முடித்து, என் தட்டைக் கழுவி எங்கே தனியாக வைப்பது என்று கேட்டேன். யாருக்கும் என் கேள்வி புரியவில்லை. எல்லாத் தட்டோடும் மெஷினில் போடச் சொன்னார்கள்.” இவ்வளவுதான். ரொம்பக் குறைவாக இருக்கிறதே, ஒப்பீடு எங்கே என்றார் சார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வகுப்பு விட்டதும் வழக்கம்போல முனையிலிருந்த டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எச்சில் கிளாஸ்களை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே டீ ஊற்றினார். நான் வாங்கி இரண்டு வாய் குடித்தேன். அவள் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கிளாசுல எத்தினி பேரு வாய் வெச்சிருப்பாங்கோ. அவுரு பக்கெட்டுல முக்கறத நீயும் பாத்துக்கினுதானக்கா இருக்கற.”

எனக்கு விளங்கவில்லை. அவள் குரலை ஏற்றவேயில்லை.

“உனக்குக் கிருமின்னா பயம், அதான் பேப்பர் கப்புன்னு நானும் நெனச்சிக்கினு இருந்தேன். பிளவுசு வாங்க உங்க எதுரு வூட்டு அம்மா வந்தாங்க இல்ல. அவங்களுக்கு டம்ளரு. எனக்குக் கப்பு.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கொரோனா நேரத்தில் வாங்கிய கப், மிச்சம் இருந்தது, இப்படி ஏதோ. அவள் காது கொடுக்கவில்லை.

“அங்கன்வாடி வேல கெடச்சிச்சின்னா எங்க காலனிப் பசங்களுக்குப் பாலு எதுலக்கா ஊத்துவ?”

கணக்குக்கு விடை கேட்பதுபோலத்தான் கேட்டாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கப் பாக்கெட் புதிது. கொரோனா கப் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நானே மளிகையோடு சேர்த்து வாங்கியிருக்கிறேன். யாருக்காக வாங்கினேன்? யோசித்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் வந்தால் டம்ளர். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு டம்ளர். அவர்களில் யார் கிருமி இல்லாமல் வருகிறார்கள்? என் மஞ்சள் காமாலைப் பயம் ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

மகளைக் கூப்பிட்டேன். உன் டீச்சர் நம் வீட்டுக்கு வந்தால் டீயை எதில் கொடுப்பாய் என்றேன். டம்ளரில் என்றாள். கணக்கு அக்கா வந்தால்? கப்பில் என்றாள்.

“யாரு உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லலியே. அது அக்காவோட கப்புதானம்மா.”

பத்து வயதுப் பெண். நான் சொல்லித் தராததை என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர், புதுக் கப்பில் கொடுப்பது மரியாதைதானே, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று கேட்டார். அவர் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வரவில்லை. சாரிடம் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன், அதில் பொய் எழுதிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். மார்க் போட்டாயிற்றாம். நல்ல எடுத்துக்காட்டு என்று அடுத்த பேட்ச்சுக்கும் படித்துக் காட்டப் போகிறாராம். கெடுத்துக்கொள்ளாதே அம்மா என்றார். என் கையெழுத்தில், என் பெயரோடு, அந்தப் பொய் இப்போதும் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது.

நான்கு நாள் அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். சாக்கு எதுவும் சொல்லவில்லை. கப் கிருமிக்காக இல்லை, நீ சொன்னது நிஜம் என்று மட்டும் சொன்னேன். சாயந்திரம் அவளே கூப்பிட்டாள்.

“பரீட்ச உனக்கு எவ்ளோ முக்கியம்னு தெரியும். கணக்கு சொல்லித் தரேன். உங்க வூட்டுக்கு மட்டும் கூப்டாத.”

அதனால் நான் போனேன். காலனிக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. ஒற்றை அறை, ஓரத்தில் தையல் மெஷின், என்னுடையது மாதிரியே. உட்கார்ந்ததும் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். உனக்காகத்தான் கடையில் வாங்கி வந்தேன் என்றாள். குத்திக் காட்டவில்லை. வீடு தேடி வந்த ஆள் தவித்துப்போகக் கூடாதே என்று உண்மையிலேயே யோசித்திருக்கிறாள். எனக்கு முகம் எரிந்தது. உங்கள் குடத்துத் தண்ணீரே கொடு என்றேன். எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்தேன். கொதிக்கவைத்த தண்ணீரா என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அது என் பழைய பயமா, இந்த வீட்டின் மேல் பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கவனித்தேன், உதடு படாமல் அண்ணாந்து குடித்திருக்கிறேன். அவளும் பார்த்தாள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். பரீட்சை வரை ஐந்து தடவை போனேன்.

கணக்குப் பரீட்சை அன்று வெயில் கொளுத்தியது. வெளியே வந்ததும் அவள் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். பையிலிருந்து என் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை, மகளுக்குக்கூட.

“வாய் வெச்சே குடி” என்றேன்.

அவள் அண்ணாந்து குடித்தாள். பாட்டில் வாயில் உதடு படவில்லை. மூடியை இறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

“பழக்கம்க்கா” என்றாள்.

கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸானேன். அங்கன்வாடிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று தினமும் பயப்படுகிறேன். கப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். டம்ளரில் டீ கொடுக்கலாம் என்றால், அவள் இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை.