மிதந்த எண்ணெய்

ஒற்றைக் காது கேட்காத பிள்ளைக்குப் பாடம் நடத்த முடியாது என்று முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடத்தை அவள் வென்றாள். வேலை கேட்டுப் போனபோது வாசலிலேயே சிரித்து அனுப்பிய மூன்று பட்டறைகளை வென்றாள். ஜாக்கி நழுவி நசுக்கிய இடது கட்டைவிரலை வென்றாள். கடைசியில், தன் பெயரையே பலகையாக மாட்டிச் சொந்தப் பட்டறை திறந்தாள்.

பலகை எழுதியது அக்கா. வருகிறவர்களிடமெல்லாம் தங்கையின் இந்தப் பட்டியலை ஒப்பிப்பதும் அக்காதான். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வேலைச்சீட்டு எழுதுவதும் அதில் கையெழுத்துப் போடுவதும் அவள் பொறுப்பு. பேனா அக்காவுக்கு, ஸ்பேனர் தங்கைக்கு என்று பதினோரு வருடமாக நடந்தது.

அக்காவின் ஒழுங்கு அப்படி இப்படி இல்லை. பெரிய கேனில் வரும் எண்ணெய்களை ஒரே அளவு டப்பாக்களில் ஊற்றி, முத்து முத்தாகப் பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் அணிவகுத்து நிறுத்துவாள். மாதம் ஒருமுறை டப்பாக்களைத் துடைத்துப் புதுச் சீட்டு ஒட்டுவாள். தங்கை சீட்டைப் பார்க்கவே மாட்டாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் ஊற்றுவாள். போலீஸ் நாய்க்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்தத் திங்கட்கிழமை கணக்கு வாத்தியாரின் பழைய கார் மூன்றாம் முறையாக வந்து நின்றது. கிளட்சை மிதித்தால் கீழேயே ஒட்டிக்கொள்கிறது, ஷூ முனையால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்றார். முதல் முறை தங்கை கீழ் சிலிண்டரின் ரப்பரை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுத்து அனுப்பியிருந்தாள். போன வாரம் அவர் வந்தபோது தங்கை வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். கிளட்ச் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் கொஞ்சம் குறைவாக இருக்கவே, அக்காவே நிரப்பி அனுப்பினாள். வியாழக்கிழமை மகளையும் இரண்டு பேரக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டும் என்றார் வாத்தியார்.

அவர் போனதும் தங்கை பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் புகுந்து குழாய் முழுக்க விரலால் தடவினாள். கசிவு இல்லை. தொட்டியின் மூடியைத் திறந்ததும் அப்படியே நின்றாள். மூடிக்குள் இருந்த ரப்பர் உப்பிப்போய்த் தொளதொளவென்று தொங்கியது. தொட்டியை மோந்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதில் ஒரு சொட்டு விட்டாள்.

பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரைந்துவிடும். கிளட்சுக்கும் அதே எண்ணெய்தான். இந்தச் சொட்டு கரையவில்லை. பொட்டு வைத்ததுபோல் மேலே மிதந்தது.

“இதுல இன்ஜின் ஆயில் கலந்திருக்குக்கா. யாரு ஊத்துனா?”

அக்கா அலமாரிக்குப் போய், பிரேக் எண்ணெய் என்று தன் கையால் எழுதி ஒட்டிய டப்பாவைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மோந்து பார்த்தாள். பக்கத்து டப்பாவையும் மோந்தாள். துடைத்து ஒட்டிய அன்று சீட்டு இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒரு சுழி கோணாமல் எழுதிய சீட்டுகள்.

“வேற எந்த வண்டிக்காவது ஊத்துனியா?”

இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

“இந்த வண்டில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே தொட்டிக்கா. பிரேக் ரப்பரும் உப்பியிருக்கும்.”

அக்கா டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். மலைப்பாதையும் பின் சீட்டில் இரண்டு குழந்தைகளும் கண் முன்னால் வந்து நின்றார்கள். கிளட்ச் மக்கர் செய்யாமல் இருந்திருந்தால் வாத்தியார் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

தங்கை திட்டவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் பட்டறையில் வேறு வண்டி ஏறவில்லை. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், நான்கு சக்கரத்து பிரேக் என்று எல்லாவற்றையும் பிரித்தார்கள். கழற்றிய ரப்பர் ஒவ்வொன்றும் ஊறிப்போன கொண்டைக்கடலை மாதிரி பருத்திருந்தது. ரப்பர் அத்தனையும் புதிது போட்டார்கள். ரப்பர் குழாய்களை மாற்றி, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவினார்கள். அக்கா பெடலை மிதித்துப் பிடிக்க, தங்கை அடியில் படுத்துக் காற்றெடுத்தாள். குமிழி நின்றதும் பெடல் கல்லு மாதிரி நின்று, காலை எடுத்ததும் துள்ளி மேலே வந்தது.

புதன்கிழமை மாலை வாத்தியார் வந்தார். வேலைச்சீட்டில் என்ன பழுது என்ற இடத்தில் அக்கா ‘ரப்பர் பழசு’ என்று முணுமுணுத்தபடி எழுதத் தொடங்கினாள். தங்கை சீட்டின் மேல் கையை வைத்தாள்.

“நடந்ததை எழுதுக்கா.”

எங்கள் பட்டறையில் தவறான எண்ணெய் ஊற்றப்பட்டது என்று அக்கா எழுதினாள். எழுத்து முதல்முறையாகக் கோணியது. வாத்தியார் படித்தார். முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு ஒன்றுதான் கேட்டார்.

“இப்ப இந்த வண்டிய நம்பி என் பேரப்பிள்ளைங்கள ஏத்தலாமாம்மா? யாரு பொறுப்பு?”

அக்காவின் பேனா கையெழுத்து இடத்துக்கு மேலேயே நின்றது. தங்கை அதை வாங்கி, குனிந்து, நிறுத்தாமல் தன் பெயரை எழுதினாள். நாலு எழுத்து, பலகையில் இருப்பதுபோலவே, அக்காவின் அதே சுழியோடு.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று அக்கா கேட்டாள்.

“வண்டிக்கடியில படுத்தா அந்தப் பலகைதானே கண்ணுல படுது. நீ ஆசையா கையெழுத்துப் போடுறியேன்னு விட்டுட்டேன்.”

வாத்தியார் சாவியை எடுத்துக்கொண்டார். அக்கா பேனாவைத் திரும்ப வாங்கி, அந்த நாலு எழுத்துக்குக் கீழே தேதியை மட்டும் எழுதினாள்: 1998 மார்ச் 11, புதன்கிழமை.