எங்கள் வீதியிலிருந்து தொடங்குங்கள்

மின்சாரம் போனால் ஊரில் மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள், மழையைத் திட்டுவார்கள், போகிற போக்கில் சாமியையும் திட்டுவார்கள். அந்த ஒரு வீதிக்காரர்களுக்கு மட்டும் அந்தச் சிரமம் இல்லை. திட்டுவதற்கு ஆள் அங்கேயே குடியிருந்தாள். கரண்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

மின்கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை. சுவர் முழுக்கத் திரை, அதன் நடுவே ஓர் எண். எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவும் அதே நொடியில் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்க வேண்டும்; வந்தால் அந்த எண் ஐம்பதில் நிற்கும். வரத்துக் குறைந்தால் சரியும். ரொம்பச் சரிந்தால் எல்லா ஊரும் ஒரேயடியாக இருட்டு. அப்படி ஆவதற்குள் யாராவது ஒரு பகுதியை வெட்டிவிட வேண்டும். இத்தனை வருஷமாக அந்த யாராவது அவள்தான்.

எந்தப் பகுதியை முதலில் வெட்டுவது? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி வந்து, "எங்க மச்சான் மண்டபத்துப் பக்கம் மட்டும் போயிடாதம்மா" என்று பல்லைக் காட்டினார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். முதலில் தன் வீடு இருக்கிற பகுதி, அப்புறம்தான் மற்றவர்கள். தன் வீட்டையே இருட்டாக்குகிறவளிடம் எவன் வந்து சலுகை கேட்பான்? அந்த மேலதிகாரி அதோடு வாயை மூடிக்கொண்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது என்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எண் சரியும்போதெல்லாம், "எங்க வீதியிலேர்ந்து ஆரம்பிங்க" என்பாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்க அவளுக்கு இருந்த ஒரே மாத்திரை அந்த வாக்கியம்தான்.

அறையிலே நாள் முழுக்க இழுபறி என்றால் வீட்டிலே அதற்கு மேல். அவள் கணவர் நிலக்கரி மின்நிலையத்தில் கொதிகலனோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். அவளுடைய தம்பியோ, நேற்று வரை செல்போன் உறை விற்றுவிட்டு, சில நாள் பயிற்சிக்குப் போய்வந்து, இன்று சூரியத் தகடு விற்பவன். இருவரும் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்.

"கரியைக் கட்டிக்கிட்டு அழுங்க மாமா. உங்க நெஞ்சைத் தொறந்து பாத்தா பாதி கரிதான் இருக்கும்."

"இருக்கட்டும் மாப்ளே. பொழுது சாஞ்சதும் உன் சூரியன் போர்த்திக்கிட்டுப் படுத்துடுறானே, அப்ப விளக்கு எரியறது யாரால?"

"அதுக்குத்தான் பேட்டரி வரப்போகுதே."

"வரும் வரும். அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா."

தோற்கப் போகிறவன் எவனோ அவன் அவள் பக்கம் திரும்புவான். "நீயே சொல்லு, யார் சொல்றது சரி?"

"குழம்புல உப்பு கம்மி" என்பாள் அவள்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி என்பது அவளுக்குத் தெரியும். காற்றாலைகள் வேண்டாத நேரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும், வேண்டும்போது காலைப் பிடித்தாலும் வராது. கொதிகலன் இருக்கிறதே, அது எருமை. எழுப்பினால் எழுந்து நிற்கவே பொழுது போய்விடும், நடுவழியில் படுத்தாலும் படுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டுகிறவள் அவள். ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் எந்த மாடு நல்ல மாடு என்று பட்டிமன்றம். பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

அப்படித்தான் ஒரு முக்கியமான பதிலும் பாதியில் நின்றுபோனது. கீழ்வீட்டில் அவளுடைய அக்கா கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறாள். அலமாரி உயரத்துக்குப் பொரிப்புப் பெட்டிகள், உள்ளே அடுக்கடுக்காக முட்டை. கணவன் போனபிறகு அக்கா இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தப் பெட்டிகளால்தான். மொட்டைமாடி முழுக்கத் தம்பி இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தகடு பதித்தான். பேட்டரி அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமாம்.

"டேய், லைன் போனா உன் தகடும் கூடவே நின்னுடும்டா. கம்பத்துல ஏறி வேலை செய்யறவன் ஷாக் அடிச்சு சாகக்கூடாதுன்னு அப்படித்தான் அமைச்சிருக்காங்க. பேட்டரி இல்லாம அது கரண்ட் கட்டுக்கு உதவாது" என்றாள் கரண்டக்கா.

"சூரியனுக்கு எவன்கா பியூஸ் புடுங்க முடியும்?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த கண்கள் அவளுக்குச் சொருகிக்கொண்டிருந்தன. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அந்த மாதம் காற்று நன்றாக அடித்தது. ஒரு வெட்டும் இல்லை. அதனால் யார் சொன்னது சரி என்று பார்க்க வழியும் இல்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோதே மேற்கிலிருந்து மேகம் திரண்டு வந்தது. திரையில் சூரிய மின்சாரத்தின் கோடு மலைச்சரிவு போல இறங்கியது. சரி, கரி இருக்கிறதே என்று பார்த்தால், அதே நேரம் ஒரு கொதிகலனில் குழாய் வெடித்து அந்த யூனிட்டும் நின்றது. மாமனும் மச்சானும் பேசி வைத்துக்கொண்டது போல இரண்டும் ஒன்றாகக் காலை வாரின. ஐம்பது சரிய ஆரம்பித்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். "சொல்லுங்க மேடம். வழக்கம்போலத்தானே?"

காலையில் அக்கா பெட்டிக் கதவில் காதை வைத்து அவளையும் கேட்கச் சொல்லியிருந்தாள். முட்டைக்குள் இருந்து குஞ்சுகள் கீச்சிட்டன. ஓட்டைக் கொத்தி வெளியே வரும் நாள். அந்த நாளில் பெட்டிக் காற்றாடி கொஞ்ச நேரம் நின்றாலும் உள்ளே புழுங்கிச் செத்துவிடும். ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் தம்பி பேச்சைக் கேட்டு அக்கா அதில் எண்ணெய் ஊற்றுவதையே விட்டிருந்தாள்.

"மேடம், எறங்குது."

"ஆத்தோரப் பகுதியிலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள்.

அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு கேள்வியே கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. ஆற்றோரத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அங்கேயும் எவளாவது ஒருத்தி எதையாவது பொத்திப் பொத்திக் காத்துக்கொண்டிருப்பாள். இவளுடைய வீதி பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டது. அதன் முறை வருவதற்குள் நீர்மின் நிலையங்கள் ஓட ஆரம்பித்து எண் நிமிர்ந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டில் ஒரே கொண்டாட்டம். தட்டுத் தட்டாக மஞ்சள் பஞ்சு உருண்டைகள், கீச்கீச்சென்று. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். தம்பி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"ஆத்தோரத்துல எங்க கடையில கரண்ட் போச்சுக்கா. பதறியடிச்சு மழையில ஓடி வந்தேன். இங்க காத்தாடி ஜம்முன்னு ஓடுது! எப்பவும் முதல்ல போறது நம்ம வீதிதானே? எல்லாம் தகடு மகிமை. சொல்லுங்க மாமா, இப்ப என்ன சொல்றீங்க?"

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குஞ்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். அடை மழையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவர்கள், பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிந்ததா என்று எட்டிப் பார்க்கவில்லை.

"ஜெனரேட்டரை வித்துட்டேன்டி" என்றாள் அக்கா. "நாளைக்கு வந்து எடுத்துக்கிறாங்க. அந்த இடத்துல இன்னொரு பெட்டி வெக்கப்போறேன்."

வாயைத் திறக்காமல் மாடிக்குப் போய்ப் படுத்துவிடலாம். உடம்பு அதைத்தான் கெஞ்சியது. ஆனால் போன தடவை அப்படிப் போய்ப் படுத்ததால் வந்த வினைதான் இது.

"அக்கா, தகடு ஒண்ணும் பண்ணல. நம்ம வீதியில கரண்டே போகல. நான்தான் வெட்டாம விட்டேன். நம்ம முறையை ஆத்தோரத்துக்காரங்க தலையில கட்டிட்டேன். ஜெனரேட்டரைக் குடுக்காதே."

தம்பியின் முகம் சுருங்கியது. திட்டுவாள், இல்லை குறைந்தபட்சம் பயப்படுவாள் என்று அவள் அக்காவையே பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தை வழித்தாள்.

"அப்ப எதுக்குடி ஜெனரேட்டர்? நீதான் இருக்கியே!"

"அதானே" என்றார் கணவர். "அதானே" என்றான் தம்பி. இத்தனை நாளில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அதில்தான்.

"விளையாடாதே அக்கா. அடுத்த தடவை நம்ம வீதிதான் முதல்ல. சொல்லிட்டேன்."

"போடி, உனக்கு அப்படி மனசு வராது" என்று சொல்லிவிட்டு அக்கா குஞ்சுகளை எண்ணத் திரும்பினாள்.

கரண்டக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். மனசு வராது என்பது அவளுக்கும் தெரிந்துபோயிருந்தது. நாளைக்குக் காலையில் ஷிப்ட்.