மகளை வெளியே அனுப்பிவிட்டு அவள் கேட்ட கேள்வி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை காலை. இடம், மலாக்கா நகரில் ஓர் இருதய மருத்துவமனை. எனக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. காயம் ஆறியிருந்தது, இரத்த அழுத்தம் சீராக இருந்தது. உடன் வந்தவர்கள் என் மனைவியும் காரோட்டி வந்த மகளும்.

படியேறக் கூடாதென்று வீட்டின் கீழ்த்தளத்து ஹாலில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். அனுமதி கிடைத்த பிறகும் நான் மாடிக்குத் திரும்பவில்லை. மனைவியோடு கூடினால் இருதயம் நின்றுவிடும் என்ற அச்சம். உடலும் முன்போல் ஒத்துழைக்கவில்லை. பரிசோதனையின்போது பிள்ளைகளில் ஒருவர் உள்ளே வந்து அமர்வது எங்கள் குடும்பங்களில் வழக்கம். பெற்ற மகளின் முன் இதை எவ்வாறு கேட்பது? கேட்காமலேயே, மஸ்ஜித் தானா என்ற ஊரின் இரவுச் சந்தையில் ஆண்மைக்கென்று விற்ற காப்பித்தூளை வாங்கிவைத்திருந்தேன். பரிசோதனை முடிந்து அன்றிரவு குடித்துப் பார்ப்பதாக எண்ணம்.

அன்று மருத்துவர் மருந்துச் சீட்டை நீட்டியதும் மனைவி அதை மகளிடம் கொடுத்தாள்.

"ஃபார்மசில கூட்டம் சேர்றதுக்குள்ள போய் நம்பர் எடும்மா."

கதவு மூடியது. மருத்துவர் எங்கள் மகளின் வயதுடைய தமிழ்ப் பெண்.

"டாக்டர், இவரு இன்னும் ஹாலுலயே படுக்கிறாரு. எங்கிட்ட வரவே பயப்படுறாரு. புருசன் பொஞ்சாதியா இருந்தா இவரு நெஞ்சு தாங்குமா, தாங்காதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அங்கிள், ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை."

"அப்ப பயப்பட வேணாம்லா. இதுக்குன்னு வெளிய ஏதாச்சும் வாங்கிச் சாப்பிடுறீங்களா?"

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். காப்பித்தூளைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

மருத்துவரின் முகம் மாறியது. "குடிச்சிராதீங்க, அங்கிள்! அதுல சொல்லாம மருந்து கலந்திருப்பாங்க. நாக்குக்கு அடியில வைக்கிற உங்க மாத்திரையோட அது சேர்ந்தா, பிரஷர் ஒரேயடியா விழுந்திடும். உயிரே போயிரும். உடம்பு ஒத்துழைக்காததுக்கு மத்த மாத்திரையும் காரணமா இருக்கலாம், அத நான் மாத்திப் பார்க்கிறேன். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க."

வெளியே வரும்போது மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏன், நான் போடுற காப்பி பத்தலையோ?"

ஏழு மாதங்களில் முதன்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம். அதன்பின் இரண்டு ஆண்டுகள் கணவன் மனைவியாகவே வாழ்ந்தோம். சென்ற ஆண்டு அவள் புற்றுநோயால் காலமானாள்.

இன்னும் முடிக்காத வேலைகள் சில உள்ளன. அவளுடைய சேலைகளை நியாலாஸில் இருக்கும் அவள் தங்கையிடம் சேர்க்க வேண்டும். அந்த மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சென்ற மாதம் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட, செலண்டாரில் இருக்கும் நண்பரை, அவர் மகன் அருகில் இல்லாத நேரத்தில் பார்த்து இதைப் பேச வேண்டும். இருமுறை போய், வானிலையைப் பேசிவிட்டுத் திரும்பினேன். என்னை உயிரோடு வைத்திருக்க என் மனைவி அன்று எவ்வளவு கூச்சத்தைக் கடந்து பேசினாள் என்பது, அந்த நண்பர் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது.