துவக்குக்குத் தேங்காயெண்ணெய்

நாடு விட்டு வந்து குடியேறிய கிரவீனில், எங்கள் வீட்டுக் கராஜுக்குள் என் மனைவி ஒன்றரை வருடமாகக் கால் வைக்கவில்லை. காரணம், ஒரு துவக்கு. பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. லைசென்ஸ் எடுத்து, இரும்புப் பெட்டியைச் சுவரோடு பூட்டி, முறைப்படிதான் வாங்கினேன். மரக்கட்டை முழுக்கத் தார் போல அழுக்கு. இரும்பில் துரு.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் அதைத் தேடி வாங்கி எண்ணெய் பூசிறியள். விசரே உங்களுக்கு? அது இருக்கும்வரைக்கும் நான் கராஜ் பக்கம் வரமாட்டன்" என்றாள் முதல் நாளே.

கோயிலில் சந்திப்பவர்களும் சுற்றி வளைத்து இதையே கேட்டார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னேன். ஊரில் இருந்தவரை துவக்கின் வாய்ப்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். சோதனைச் சாவடியில் அது என் நெஞ்சைப் பார்த்தபடி நிற்கும். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். வெறும் இரும்பும் மரமும்தான் என்று தெரிய வேண்டும். கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

கட்டையை நான் சுரண்டவில்லை. அழுக்கைத் துணியால் எடுத்து, ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தேன். ஒரு மாதத்தில் மரத்தின் ரேகை தெரிந்தது. ஜனவரியில் துவக்கு எண்ணெய் முடிந்தது. கடைக்குப் போகப் பஞ்சி, சோம்பல்தான். குசினியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். கதவுப் பிணைச்சலுக்கும் தையல் மெஷினுக்கும் எங்கள் ஆட்கள் விடுவது அதைத்தானே. துவக்கின் போல்ட்டுக்குள் இருக்கும், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசிக்கும் அதன் சுருளுக்கும் தாராளமாக விட்டேன். வெயில் காலம். வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் பெருமை வேறு.

ஜூலையில், இங்கே அது குளிர்காலம், ஒரு காலை முதன்முதலாகச் சுடுவதற்குப் பயிற்சிக் களத்துக்குக் கொண்டுபோனேன். புல்லெல்லாம் உறைபனி. விசையை அழுத்தினேன். டிக். அவ்வளவுதான்.

"அசையாதே. குழலை முன்பக்கமே நீட்டிப் பிடி" என்றார் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவர். தோட்டா பிந்தியும் வெடிக்கலாம். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் என் சேர்ட் வியர்வையில் நனைந்துவிட்டது. பின்பக்கத்திலும் அதே பயம்தான். இரும்பு, மரம் என்று நான் அளந்ததெல்லாம் பொய்.

பிறகு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், ஊசியைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு. கிழவர் மோந்து பார்த்தார். "இதில் கேக் சுட்டாயா?" சுட வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்.

வீட்டுக்கு வந்ததும் துவக்கைப் பெட்டியில் பூட்டினேன். கழற்றி வைத்த போல்ட்டைக் கழுவச் சுடுதண்ணீர் வேண்டும். குசினியில் கேத்திலைப் போட்டேன்.

"சுட்டதோ?" என்றாள்.

"இல்லை. உன்ர தேங்காயெண்ணெய் குளிருக்கு உறைஞ்சு போச்சு."

"கறிக்கு விடுற எண்ணெயையோ விட்டனீங்கள்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "அப்ப அது இனி வெடிக்காதோ?" என்றாள்.

ஓம் வெடிக்காது என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"கழுவினால் வெடிக்கும். அங்க காத்துக்கொண்டிருக்க எனக்கும் நெஞ்சு இடிச்சதுதான்."

தண்ணீர் கொதித்தது. கேத்திலை அவளே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் கராஜுக்கு நடந்தாள்.

"வடிவாக் கழுவுங்கோ. அரைகுறையா நிண்டு உங்கட மூஞ்சையில வெடிச்சால் ஆஸ்பத்திரியில நிக்கிறது நான்தான்."

கேத்திலை மேசையில் வைத்தாள். நான் போல்ட்டின் கடைசித் துண்டைத் துடைக்கும்வரை அங்கேயே நின்றாள்.