ஏழெட்டு 'யெஸ் மேடம்'

எம்.பி.ஏ. முடித்து எங்கள் பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கும் பெண், இன்று எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் போனில் பேசினாள். ஏழெட்டு முறை "யெஸ் மேடம்" சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்ன கேட்டாங்க கண்ணு?"

"கலர் ஏதோ மாத்தணும்னாங்க. முழுசாப் புரியலீங்கம்மா."

"திருப்பிக் கேட்டிருக்கலாமே?"

"ரெண்டாவது வாட்டி கேட்டா மரியாதையா இருக்காதுங்களே."

கீழே அந்த ஆர்டருக்குத்தான் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் நிறுத்தினேன்.

விளக்கம் கேட்டு மெயில் எழுதச் சொன்னேன். வணக்கமும் நன்றியும் எழுதியிருந்தாள். கேள்வி மட்டும் இல்லை. நானே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பையர் போனையும் எடுக்கவில்லை.

அவள் சொன்ன 'யெஸ்'களால் நான் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்றே தெரியாமல் இதைத் தட்டுகிறேன்.

உங்கள் கம்பெனி எம்.பி.ஏ. இன்று எதற்கு 'யெஸ்' சொன்னார்? விசாரித்தீர்களா?