கடிதம் வாசித்தவள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது. அம்மா ஐந்தாம் வகுப்பு, அப்பா எட்டு. இருவருடைய பள்ளிக்கூடங்களையும் இலங்கையில் நடந்த சண்டை இடையில் மூடிவிட்டது. நான் லண்டனில், பல்கலைக்கழகத்தில், நாவல் படித்தேன். நாவல் வாசிப்பதற்கு ஒரு பட்டம் தருகிறார்கள் என்பதை நினைத்து முதல் வருடம் முழுக்க பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் வருடம் பாடத்தில் ஒரு நாவல் வந்தது. அமெரிக்காவில் ஆற்றோரத்துச் சிற்றூர், முழுக்கக் கறுப்பின மக்கள். இரண்டு சிநேகிதிகள் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார்கள். ஒருத்திக்கு எழுத்துத் தெரியும், மற்றவளுக்குத் தெரியாது. தெரியாதவளுக்கு வெளியூரிலிருந்து காதலன் எழுதும் கடிதங்களைத் தெரிந்தவள்தான் வாசித்துச் சொல்வாள். ஒரு நாள், 'வா, கல்யாணம் செய்வோம்' என்று வந்த கடிதத்தை, 'இனி எழுதமாட்டேன்' என்று மாற்றி வாசித்துவிடுகிறாள். சிநேகிதி தன்னை விட்டுப் போய்விடுவாளே என்ற பயம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை வாசித்தபடி, நான் இறங்கவேண்டிய டிராம் தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. சனிக்கிழமை காலைகளில் அம்மாவும் நானும், லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, பக்கத்து டூட்டிங்கில் ஒரு கடைக்கு, கறி வைத்துச் சுற்றிப் பொரிக்கும் ரோல்ஸ் செய்வோம். அம்மா சுற்றுவார், நான் முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டுவேன்.

"ரெண்டு சிநேகிதிகள் அம்மா" என்று தொடங்கினேன்.

"ஆற்ற பிள்ளையள்? எந்த இடம்?"

எங்கள் ஆட்களுக்குக் கதை சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், யாருடைய பிள்ளைகள், எந்த ஊர் என்ற இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராமல் கதை ஓர் அடி நகராது.

"அமெரிக்கா."

"அமெரிக்காவில எந்த இடம்? எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை அம்மா. கறுப்பு ஆக்கள். நோர்பரிப் பக்கம் எண்டு வையுங்கோவன்."

"ஆ, நோர்பரியோ!" எங்களிடமிருந்து ஒரு பஸ் தூரம். அம்மாவின் கை நின்றது. இனி அவர் கேட்பார்.

அப்படியே நாவலைத் தூக்கி நோர்பரியில் வைத்தேன். ஆறு, பஸ் ஓடும் பெரிய வீதியானது. "எழுத்துத் தெரியாத பிள்ளை லண்டனிலயோ?" என்று நானே குறுக்குக் கேள்வி போட்டுக்கொண்டபோது, அம்மா சிரித்தார். "ஏன், நான் இல்லையோ?" கவுன்சிலிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துச் சொல்வது நான்தான்.

அடுத்து, ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டார். ஏமாந்தவளுக்குக் கண்ணாடி போட்டேன், ஒல்லியாக்கினேன். மாற்றி வாசித்தவளுக்கு மஞ்சள் கோட் போட்டேன். தெருமுனை வரை கேட்கும் சிரிப்பைக் கொடுத்தேன், அவளுடைய சித்திக்கு முடி பின்னும் கடை ஒன்றும் கொடுத்தேன். கோட், சிரிப்பு, கடை அத்தனையும் என் வகுப்புத் தோழியுடையவை. கானாவிலிருந்து வந்த குடும்பம், நோர்பரி. நான் நேசித்த முதல் சிநேகிதி. எனக்குத் தெரிந்தவர்களில் அவளைப் போலப் பளிச்சென்ற ஆள் வேறு யாரும் இல்லை, அதனால் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று சனிக்கிழமை கதை ஓடியது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி சுற்றினார். "பாவி! கூடத் திரிஞ்சவளுக்குச் செய்யிற வேலையோ இது?" எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். என் பேராசிரியர்களுக்குக்கூட இப்படி ஒரு வாசகி கிடைத்திருக்கமாட்டார்.

நாலாவது சனிக்கிழமை, அந்த நாவலைப் பற்றி வகுப்பில் சேர்ந்து பேசவேண்டியதைத் தயார் செய்யத் தோழி முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே, "என்ன வாசம் இது!" என்று தெருமுனை வரை கேட்கச் சிரித்தாள். மஞ்சள் கோட்.

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு ரோல்ஸும் நீட்டவில்லை. மாக்கையோடு அவள் முன்னால் போய் நின்று, தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ ஏன் கடிதத்தைப் பிழையா வாசிச்சனி? அவள் உன்ர சிநேகிதி எல்லோ?"

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தோழிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவளும் சிரித்தாள், பாதிவரை. அவள் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் கேட்கிறது.

"கதையில ரெண்டு பேர் இருக்கினம். எனக்கு ஏன் அவளைத் தந்தனி?"

"சும்மா... உன்ர கோட் நல்ல நிறம்..."

"மற்றவளுக்கு ஆற்ற கண்ணாடி?"

என் மூக்கிலிருந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, கழுத்துவரை பூட்டி, அவள் போய்விட்டாள். அந்த வாரம் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் கதிரையில் அவளுடைய பை இருந்தது. சிரிக்க ஆளில்லாத வகுப்பு எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் இல்லாமல் பட்டம் வாங்கலாம். ஆனால் வாங்கி யாரிடம் துள்ளுவது?

அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"பொய்க்கதையோ? மூண்டு கிழமையா அழுதனான்!"

"நாவல் அம்மா."

"பொய்யைப் படிக்கவோ யூனிவர்சிட்டி போறாய்?" என்று கேட்டவர், கையிலிருந்த மாவைக் கழுவினார். "அப்ப மாத்தி வாசிச்சது நீதான். அந்தப் பிள்ளையின்ர முகத்துக்கு நேர நான் கேட்டிட்டன். வெளிக்கிடு, நோர்பரிக்குப் போவம்."

கடைக்குப் போகவேண்டிய ரோல்ஸில் ஒரு தட்டு பஸ் ஏறியது. தோழி தன் சித்தியின் கடையில் பாதித் தலை பின்னியபடி உட்கார்ந்திருந்தாள். மீதிப் பாதி நாலு பக்கமும் நின்றது. சித்தியின் கையில் அவள் முடி, எழும்பி ஓட வழியில்லை. காத்திருந்த பெண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அம்மா தட்டை அவள் மடியில் வைத்தார். "நான் சொல்லுறதை இங்கிலீஷில சொல்லு. மாத்தாத."

"மாத்தமாட்டன்."

"பிள்ளை, நான் உன்னைப் பிழையாக் கேட்டிட்டன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இவள் சொன்னதை நம்பினனான்."

சொன்னேன்.

"இவள் தன்னை நல்லவளாக்கி, உன்னைக் கள்ளியாக்கிப் போட்டாள்."

அதையும் சொன்னேன். ஒரு பெண், "ஐயோ" என்பதற்குச் சமமான ஒன்றைச் சொன்னாள்.

"ஏனெண்டால் இவளுக்கு உன்னில எரிச்சல். வீட்டில எந்த நேரமும் உன்ர புராணம்தான். அவள் அப்பிடிச் சொன்னவள், அவள் இப்பிடிச் சிரிச்சவள்."

மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அதுவரை எனக்கே யாரும் அதை வாசித்துக் காட்டியிருக்கவில்லை. 'உன்னை நிறையப் பிடிக்குமாம்' என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தக் கடையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"என்ன சொன்னவா?" என்றாள் தோழி.

"எனக்கு உன்னில பொறாமையாம்" என்றேன். பிறகு, "ஓம். பொறாமைதான்."

கடையே கத்தியது. தோழி முகத்தை இறுக்கி வைத்திருந்தாள். உதட்டின் ஓரம் மட்டும் அவள் சொல் கேட்கவில்லை.

"என்னத்தில?"

"உங்கட வீட்டில எல்லாரும் படிச்சவை. நூலகத்தில நீ வாய் கிழியக் கொட்டாவி விடுறாய். நான் அங்க தும்மவும் பயப்பிடுறன்."

"வேற?"

"கையைத் தூக்காமலே கதைக்கிறாய்."

பின்னுவதற்கான செயற்கை முடிக் கட்டொன்றை என் கையில் போட்டு, பக்கத்து ஸ்டூலைக் காலால் இழுத்தாள். "இரு. இதைப் பிரிச்சுப் பிரிச்சு சித்திக்குக் குடு. ஒண்டும் விடாமச் சொல்லு."

"என்ன சொல்லுறாய் அவளுக்கு?" என்று அம்மா இடையில் புகுந்தார். "எனக்கும் சொல்லு."

ஒவ்வொரு பொறாமையையும் இரண்டு மொழியில், இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு ஒரு சிரிப்பு, ஒரு ரோல்ஸ். நான் சொல்லி முடிக்கும்போது பின்னல் மற்றக் காதைத் தாண்டியிருந்தது, தட்டும் வெறுமையாகியிருந்தது.